பிரசவத்திற்குப் பின் குறையாத வலி: அரிய இடுப்புப் பகுதிச் சிக்கல்களைக் கண்டறிதலும் சிகிச்சையும்

தாயும் சேயும் நலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் குடும்பத்தார் அனைவரின் கவனமும் குழந்தையின்பால் திரும்பிவிடுவது இயல்பே. குழந்தை பால் குடிக்கிறதா, மஞ்சள் காமாலை இருக்கிறதா, எடை கூடுகிறதா என்று நாள்தோறும் விசாரிக்கும் வீட்டில், தாயின் உடல்நிலை பற்றிய கேள்வி பல வேளைகளில் ஒன்றோடு நின்றுவிடுகிறது: “வலி எப்படி இருக்கிறது?” அவள் “இருக்கிறது” என்று சொன்னால், “பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்ற ஆறுதலும் உடன் கிடைத்துவிடுகிறது.

பெரும்பாலான தாய்மார்களுக்கு இந்த ஆறுதல் பொருத்தமானதுதான். மிகச் சிலருக்கு அது பொருந்துவதில்லை. அந்த மிகச் சிலரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறோம். இங்கே விளக்கப்படும் சிக்கல்கள் அரியவை. இதைப் படிக்கும் தாய்மார்களில் பெரும்பாலோர் இவற்றைச் சந்திக்கவே மாட்டார்கள். ஆயினும் அரிய நோய் என்பதாலேயே அது எவருடைய நினைவுக்கும் முதலில் வருவதில்லை. மருத்துவர்களாகிய எங்களுக்கும் கூடத்தான். சிகிச்சை உள்ள நோய் தாமதத்தால் முற்றிப்போவது இந்த இடத்தில்தான்.

இயல்பான மீட்சி எப்படி இருக்கும்?

பிரசவத்திற்குப் பிந்திய ஆறு வாரங்களில் கருப்பை சுருங்கிப் பழைய அளவை அடைகிறது. குழந்தை பால் குடிக்கும்போது அடிவயிற்றில் இழுத்துப் பிடிப்பது போன்ற வலி வருவது, கருப்பை சுருங்குவதன் அறிகுறி; சில நாட்களில் அது நின்றுவிடும். தையல் போட்ட இடத்து வலி முதல் இரண்டு மூன்று நாட்கள் மிகுந்திருந்து, பின்னர் தணியும். உதிரப்போக்கு சிவப்பாகத் தொடங்கி, பழுப்பாகி, வெளிறி, நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் நின்றுபோகும். பால் கட்டும் நாளில் இலேசான காய்ச்சல் தோன்றி, ஒரு நாளுக்குள் இறங்கலாம்.

இவை அனைத்துக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. இயல்பான துன்பம் நாளுக்கு நாள் குறையும். நேற்றைவிட இன்று வலி கூடியிருந்தாலோ, குறைந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ, நேற்று நடந்தவள் இன்று நடக்க இயலாமல் போனாலோ, அதற்கு வேறு காரணம் தேடவேண்டும். இக்கட்டுரையிலிருந்து ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் கொள்வதாயின், இதைக் கொள்ளுங்கள்.

இனி, தாய்மார்கள் எங்களிடம் சொல்லும் நான்கு குறைகளையும், அவற்றின் பின்னால் இருக்கக்கூடிய அரிய காரணங்களையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

“மாத்திரை போட்டும் வலி தாங்க முடியவில்லை”

சுகப்பிரசவம் முடிந்த சில மணி நேரத்திற்குள், தையலின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத கடும் வலி தோன்றினால் நாங்கள் முதலில் ஐயுறுவது இரத்தக் கட்டை. பிறப்புறுப்பின் சுவருக்குள் ஓர் இரத்தக் குழாய் கிழிந்து, இரத்தம் வெளியே வராமல் தசைகளுக்கிடையே தேங்குவதே இந்நிலை. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்களிலும், தையல் போடப்பட்ட பிரசவங்களிலும் இது சற்று அதிகம். எந்தக் காரணமும் இன்றி வருவதும் உண்டு.

இதன் ஆபத்து மறைவில் இருக்கிறது. வெளியே உதிரம் அதிகம் தெரியாது. துணியைப் பார்த்து, “இரத்தம் அவ்வளவாகப் போகவில்லை” என்று எல்லோரும் நிம்மதி அடைந்திருப்பார்கள். உள்ளேயோ அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று இரத்தம் சேர்ந்துகொண்டிருக்கலாம். கீழே கனத்து அழுத்துவது போன்ற உணர்வு, மலம் கழிக்க வேண்டும் என்ற ஓயாத உந்துதல், சிறுநீர் கழிக்க இயலாமை, மயக்கம், படபடப்பு ஆகியவை இதன் அடையாளங்கள்.

கண்டறிய முதலில் வேண்டியது நேரடிப் பரிசோதனை. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் திரும்பத் திரும்பப் பார்க்கப்படும். கட்டு மேலே வயிற்றின் பின்புறம் வரை பரவியிருக்கும் ஐயம் எழுந்தால் ஸ்கேன் தேவைப்படும். கட்டு சிறியதாகவும், பெரிதாகாமலும் இருந்தால், பனிக்கட்டி ஒத்தடமும் வலி நீக்கியும் கொடுத்துக் கண்காணித்தாலே போதும். பெரிதானால், அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுத்து, கட்டைத் திறந்து, தேங்கிய இரத்தத்தை அகற்றி, கசியும் குழாயைத் தைத்துவிடுவோம். தேவையெனில் இரத்தம் ஏற்றப்படும். உரிய நேரத்தில் செய்யப்பட்டால் தாய் முழுமையாகக் குணமடைவாள்.

பிரசவம் முடிந்து ஆறு மணி நேரத்திற்குள் சிறுநீர் கழித்தீர்களா என்று செவிலியர் கேட்பதும், வலி எவ்வளவு என்று விசாரிப்பதும் சடங்கிற்காக அன்று என்பதை இப்போது உணர்ந்திருப்பீர்கள்.

“ஊசி போட்டும் காய்ச்சல் நிற்கவில்லை”

பிரசவமான மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் வருகிறது. கருப்பையில் தொற்று, தையலில் சீழ், சிறுநீர்த் தொற்று, மார்பில் பால்கட்டு ஆகியவையே வழக்கமான காரணங்கள். நம் பகுதியில் டெங்கு, உண்ணிக் காய்ச்சல் போன்றவற்றையும் மறந்துவிடக்கூடாது. இவற்றைச் சோதித்து, நுண்ணுயிர் எதிர்மருந்து தொடங்குகிறோம். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது.

சிலருக்கு இறங்குவதில்லை. தாய் பார்வைக்கு அவ்வளவு நோயுற்றவளாகத் தெரியமாட்டாள். ஆனால் மாலையானால் குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். வேறு சிலருக்கு அடிவயிற்றின் வலப்பக்கம் விடாத வலியும் சேர்ந்திருக்கும். இந்நிலையில் நாங்கள் நினைவுகூர வேண்டிய நோய், சினைப்பைச் சிரையில் ஏற்படும் இரத்த உறைவு. ஏறத்தாழ 500 முதல் 2000 பிரசவங்களுக்கு ஒருவருக்கு வரக்கூடியது என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. சிசேரியனுக்குப் பின் இது கூடுதல். பெரும்பாலும் பிரசவமான முதல் பத்து நாட்களுக்குள் வெளிப்படுகிறது.

இது ஏன் வருகிறது? பிரசவத்தின்போது இரத்தப்போக்கு நிற்க வேண்டும் என்பதற்காக, கர்ப்பிணியின் இரத்தம் எளிதில் உறையும் தன்மையை இயற்கையாகவே பெற்றுவிடுகிறது. குழந்தைக்கு ஊட்டம் கொண்டுசெல்லும் பொருட்டு, கருப்பையைச் சுற்றியுள்ள சிரைகள் பெரிதும் விரிந்திருக்கின்றன. குழந்தை பிறந்தவுடன் அந்த அகன்ற குழாய்களில் இரத்த ஓட்டம் திடீரெனக் குறைந்து தேங்குகிறது. அருகில் தொற்றும் இருந்தால் சிரையின் உட்சுவர் புண்படுகிறது. இவை ஒன்றுகூடும்போது இரத்தம் உறைகிறது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வலப்பக்கச் சிரையிலேயே இவ்வுறைவு ஏற்படுகிறது. விரிந்த கருப்பை வலப்பக்கமாகச் சாய்ந்து அந்தச் சிரையை அழுத்துவது அதற்கு ஒரு காரணம்.

வலப்பக்க அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் எவரும் குடல்வால் அழற்சி என்றே எண்ணுவர். இந்நோயை ஆஸ்டின் என்ற மருத்துவர் 1956ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் விவரித்தார். அதன் பின்னரும் நெடுங்காலம், குடல்வாலுக்காக வயிற்றைத் திறந்த பிறகே பல நோயாளிகளிடம் உறைந்த சிரை காணப்பட்டது. இன்று அந்த நிலை இல்லை. சிரைவழி மருந்து செலுத்தி எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன், உறைவை வயிற்றைத் திறக்காமலே காட்டிவிடுகிறது. டாப்ளர் ஸ்கேனும் உதவும். ஆனால் குடலில் உள்ள காற்று மறைப்பதால் அதில் சில வேளைகளில் தென்படாமல் போகலாம். சி.டி. எடுத்தபின் தாய்ப்பால் கொடுக்கலாமா என்று பலரும் அஞ்சுகின்றனர். கொடுக்கலாம், மருந்தில் மிகச் சிறு பகுதியே பாலில் சேர்கிறது, அதிலும் சிறு பகுதியே குழந்தையின் உடலுக்குள் செல்கிறது.

உறைவு எங்கும் தெரியாமலேயே, இடுப்புப் பகுதியின் சிறு சிரைகளில் தொற்றும் உறைவும் கலந்து காய்ச்சல் நீடிப்பதும் உண்டு. பிற காரணங்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே அந்த முடிவுக்கு வருகிறோம். அதனால்தான் ஒரே காய்ச்சலுக்காக இத்தனை பரிசோதனைகள் எழுதப்படுகின்றன.

சிகிச்சையில் நுண்ணுயிர் எதிர்மருந்தோடு, இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியும் சேர்க்கப்படும். பெரும்பாலோருக்குச் சில நாட்களில் காய்ச்சல் தணிகிறது. உறைவின் அளவைப் பொறுத்து, சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்கள் வரை மருந்து தொடரும். ஊசிக்குப் பதிலாக வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றினால், இரத்தத்தைக் குறித்த நாட்களில் சோதிப்பது கட்டாயம். இவ்விரு மருந்துகளோடும் தாய்ப்பால் கொடுக்கலாம். ஆனால் வார்ஃபரின் உட்கொள்ளும் காலத்தில் மறுகர்ப்பம் தரிக்கக்கூடாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். எந்த முறை பொருந்தும் என்பதை எங்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். காய்ச்சல் நின்றுவிட்டது என்று மருந்தையும் நிறுத்திவிடுவதே இந்நோயில் நாங்கள் மிகவும் அஞ்சும் தவறு. உறைவு பெரிய சிரைக்குள் வளர்ந்து, துண்டாகி, நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று கருதி, அவள் குடிக்கும் நீரை அளந்து கொடுக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. கூடவே, எழுந்து நடக்கவும் விடுவதில்லை. நீர் குறைந்த உடலும் அசையாத கால்களும் இரத்தம் உறைவதற்கு வழிசெய்பவை. பாலூட்டும் தாய் தாகம் தீரக் குடிக்க வேண்டும். சிசேரியனானாலும் மருத்துவர் சொன்ன நேரத்திலிருந்து எழுந்து நடக்க வேண்டும். பத்தியச் சமையலும் பிரசவ மருந்தும் தரும் அன்பான பாட்டிமார்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் கவனித்தால், அதைவிடப் பெரிய மருந்து வேறில்லை.

“காலைத் தூக்கி வைக்க முடியவில்லை”

இடுப்பெலும்புகள் இரண்டும் அடிவயிற்றின் கீழே முன்புறத்தில் ஒரு குருத்தெலும்பால் இணைந்துள்ளன. அவ்விணைப்பின் இடைவெளி சாதாரணமாக நான்கு ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். குழந்தை வெளிவர இடம் தரும் பொருட்டு, கர்ப்ப காலத்தில் சுரக்கும் இயக்குநீர்கள் அதைச் சற்றுத் தளர்த்துகின்றன. பிரசவத்தின்போது இடைவெளி பத்து மில்லிமீட்டருக்கு மேல் விரிந்துவிட்டால், இணைப்பு விலகியதாகக் கொள்கிறோம்.

அந்தத் தாய்க்கு முன்புற எலும்பின்மீது விரல் வைத்தாலே வலிக்கும். கட்டிலில் புரண்டு படுக்க இயலாது. ஒரு காலில் நின்று மறு காலைத் தூக்க இயலாது. நடந்தால் வாத்துபோல் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். பிரசவத்தின்போது “ஏதோ விட்டுப்போன சத்தம் கேட்டது” என்று சிலர் சொல்வதுண்டு. நடக்க மறுக்கும் தாயை, “சோம்பல்” என்றும், “செல்லம்” என்றும் வீட்டார் கடிந்துகொள்வதைக் கண்டிருக்கிறோம். அவளால் இயலவில்லை என்பதை ஓர் எக்ஸ்-ரே படமே சொல்லிவிடும்.

இதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவையில்லை. சில நாட்கள் பக்கவாட்டில் படுத்து ஓய்வு, இடுப்பு எலும்புகளை இறுக்கிப் பிடிக்கும் பட்டை, பாலூட்டுவோருக்குப் பாதுகாப்பான வலி நீக்கிகள், பிடித்து நடக்கும் வாக்கர், இயன்முறைப் பயிற்சி ஆகியவையே சிகிச்சை. வயிற்றைச் சுற்றி வீட்டில் கட்டும் துணி இதற்குப் பயன்படாது. பட்டை அதைவிடக் கீழே, தொடை எலும்பு இடுப்போடு சேரும் மட்டத்தில் கட்டப்பட வேண்டும். அதை நாங்களே கட்டிக் காட்டுவோம். பலர் ஆறு வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் இயல்பாக நடக்கின்றனர். இடைவெளி மிக அகன்றிருந்தாலோ, வலி தீராவிட்டாலோ மட்டுமே எலும்பு மருத்துவரோடு கலந்து அறுவையைப் பற்றி யோசிப்போம்.

ஓர் எச்சரிக்கை: இதே வலியோடு காய்ச்சலும் இருந்தால், அந்த இணைப்பிலோ, பின்புறம் முதுகெலும்பு இடுப்போடு சேரும் மூட்டிலோ கிருமித் தொற்று இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்-ரேயில் அது தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும். நம் நாட்டில் காசநோயும் இம்மூட்டைத் தாக்கக்கூடும் என்பதால், வாரக்கணக்கில் நீளும் இடுப்பு வலியை வெறும் தைலத்தால் தேய்த்துக் காலம் கடத்தக்கூடாது.

“அறியாமலே சிறுநீர் போகிறது”

நான்கு குறைகளிலும் சொல்லப்படாமல் மறைக்கப்படுவது இதுவே. பிரசவம் மிக நீண்டு, குழந்தையின் தலை பல மணி நேரம் ஒரே இடத்தில் சிக்கி அழுத்தினால், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே உள்ள மென்சுவருக்கு இரத்தம் செல்லாமல் அது அழிந்துபோகிறது. மூன்று முதல் பத்து நாட்களில் அவ்விடம் உதிர்ந்து ஒரு துளை உண்டாகிறது. சிக்கலான சிசேரியனில் ஏற்படும் காயத்தாலும் இது நேரலாம். அதன்பின் இரவும் பகலும் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கும்.

மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகிய தமிழ்நாட்டில் இது அரிதாகிவிட்டது. உலகின் வறிய பகுதிகளில் இன்றும் பெண்களை வாட்டுகிறது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் காதரின் ஹாம்லின், ரெஜினால்ட் ஹாம்லின் என்னும் மருத்துவத் தம்பதியர் 1974ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவி, பல்லாயிரம் பெண்களுக்கு மறுவாழ்வு கிடைக்க வழிசெய்தனர். 2013ஆம் ஆண்டு முதல் மே 23ஆம் நாளை ஐ.நா. அவை இந்நோயை ஒழிக்கும் நாளாகக் கடைப்பிடித்து வருகிறது.

இருமினாலோ தும்மினாலோ சிறிது சிறுநீர் கசிவது பிரசவத்திற்குப் பின் பலருக்கும் உண்டு. அது வேறு, இடுப்புத் தசைப் பயிற்சியால் பெரும்பாலும் குறையும். படுத்திருக்கும்போதும் ஓயாமல் நனைந்துகொண்டே இருந்தால் துளை இருக்கக்கூடும். வண்ண நீரைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, பிறப்புறுப்பில் வைத்த பஞ்சு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையே பல வேளைகளில் இதைக் காட்டிவிடும்.

காலம் இங்கே மிக முக்கியம். தொடக்க நாட்களிலேயே வந்தால், சிறுநீர்க் குழாயை நான்கு வாரம் அளவில் தொடர்ந்து வைத்திருப்பதாலேயே சிறு துளைகள் தாமாக மூடிக்கொள்ள வாய்ப்புண்டு. மூடாவிட்டால், புண் ஆறும் வரை ஏறத்தாழ மூன்று மாதம் காத்திருந்து அறுவை செய்வது வழக்கம். தேர்ந்த மருத்துவர் கையில் பெரும்பாலான துளைகள் முதல் அறுவையிலேயே மூடப்படுகின்றன. இந்நோயோடு வாழ்நாள் முழுதும் ஒதுங்கி வாழ வேண்டிய தேவை எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

சொல்லுவதே முதல் சிகிச்சை

1890களில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் தவித்த தம் மனைவியருக்கு உதவி கேட்டு மருத்துவர் ஜான் ஸ்கடர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஆண் மருத்துவர் வரக்கூடாது, அவருடைய மகள்தான் வரவேண்டும் என்றனர். மகள் அப்போது மருத்துவம் பயிலாதவர். விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அந்த மகளே பின்னர் மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டில் திரும்பிவந்து, வேலூரில் மருத்துவமனையும் கல்லூரியும் கண்ட ஐடா ஸ்கடர்.

அந்த மூன்று பெண்களின் கதவுகளை அடைத்தது கூச்சமும் வழக்கமும். அக்கதவு இன்று முழுவதும் திறந்துவிட்டது என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கசிவைச் சொல்ல வெட்கம், கீழே வலி என்று சொல்லக் கூச்சம், மாமியார் முன் காய்ச்சல் என்று சொல்லத் தயக்கம். பெண் மருத்துவரிடம் பேச விரும்பினால் அவ்வாறே கேளுங்கள். தனியாகப் பேச விரும்பினால், உடன் வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்வோம். ஒருமுறை சொல்லியும் நாங்கள் பொருட்படுத்தவில்லை என்று தோன்றினால், மீண்டும் வந்து சொல்லுங்கள். மருந்துக்கு அடங்காத துன்பத்தோடு திரும்பி வரும் நோயாளியே எங்கள் முதல் கணிப்பைத் திருத்த உதவுபவர்.

எப்போது வரவேண்டும்?

பிரசவமான ஆறு வாரங்களுக்குள் கீழ்க்காண்பவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், மறுநாள் வரை காத்திராமல் வாருங்கள்: 100.4 டிகிரி அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்று, இடுப்பு, தையல் வலி, நிற்கவோ நடக்கவோ இயலாமை, சிறுநீர் கழிக்க முடியாமை அல்லது ஓயாத கசிவு, நாற்றமுள்ள உதிரப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல்.

ஒரு மணி நேரத்திற்குள் ஒரு பேடு முழுதும் நனையும் உதிரப்போக்கு, மயக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றுக்கு உடனே 108ஐ அழையுங்கள். காரிமங்கலம், தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலையில் அமைந்திருப்பது நமக்கொரு நல்வாய்ப்பு. இரு நகரங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. ஸ்கேன், இரத்த வங்கி, அறுவை அரங்கு ஆகியவை ஒருசேரத் தேவைப்படும் தாயை அங்கே அனுப்பத் தயங்கமாட்டோம். அனுப்புவதைக் கைவிடுவதாக எண்ண வேண்டாம்.

வரும்போது தாய்-சேய் நல அட்டையையும், பிரசவம் பார்த்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டையும், உட்கொண்ட மருந்துகளின் அட்டைகளையும் கொண்டுவாருங்கள். காய்ச்சலை நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வந்தால் மிகவும் பயன்படும். தாய் வீட்டிற்குச் சென்று வெளியூரில் தங்கியிருக்கும் பெண்கள், அவ்வூர்க் கிராம சுகாதார செவிலியருக்குத் தம் வருகையைத் தெரிவித்துவிடுவது நல்லது.

நாளை காலை குழந்தை பால் குடித்ததா என்று கேட்கும்போது, தாயிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: “நேற்றைவிட இன்று வலி குறைந்திருக்கிறதா?” இல்லை என்று அவள் சொன்னால், அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். காரணத்தைத் தேடுவது எங்கள் பொறுப்பு.